பின்னால் வருகிறவர் தெரிகிறாரா?

(கல்லூரியின் நூற்றாண்டையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா தொலைபேசியில் அழைத்தபோது, "நீர் டொக்டர்தானே, நீரிழிவைப் பற்றிப் பேசுமன்" என்றுதான் முதலில் கேட்டார். ஒத்துக்கொண்டேன். ஆனால் அழைப்பை வைப்பதற்கு முன் அவர் இன்னொன்று கேட்டார். "அது சரி, உங்க இரண்டு மாசம் சூரியனே வராதாமே. அந்த இருட்டுக்குள்ள, பனிக்குள்ள எப்பிடியப்பா போய் வாறனீங்கள்?" அதன் பிறகு அரை மணித்தியாலம் நாங்கள் பேசியது அதைப் பற்றித்தான். கடைசியில் அவரே சொன்னார்: "நீரிழிவை விடும். இதையே பேசும்." ஆகவே இன்று நீங்கள் தப்பினீர்கள். இனிப்பைக் குறையுங்கள் என்று மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட்டு விடயத்துக்கு வருகிறேன்.

நான் இருப்பது நோர்வேயின் வடகோடியில், பின்மார்க் என்னும் பகுதியில். பரப்பளவில் அது இலங்கையில் ஏறத்தாழ முக்கால் பங்கு. வாழ்பவர்களோ ஏறத்தாழ 75,000 பேர். எங்கள் ஊர் ஒரு மீன்பிடித் துறைமுகம். அதன் பெயரைச் சொல்லவில்லை. மிகச் சிறிய ஊர், நான் சொல்லப்போகும் நோயாளியை எல்லோரும் அறிந்துவிடுவார்கள். வைத்தியசாலை இருக்கும் கிர்கனெஸ் நகரம் 200 கிலோமீற்றருக்கும் அப்பால். இடையில் மரமே இல்லாத மலைமேடு. காற்றை மறிக்க அங்கே ஒன்றும் கிடையாது.

இப்படி ஒரு மூலைக்குத் தமிழர் எப்படிப் போனார்கள் என்று கேட்பீர்கள். எனக்கு முன்பே, 1980களில், எங்கள் அண்ணன்மார் போய்விட்டார்கள். பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். பனையும் வெயிலும் தவிர வேறொன்றும் கண்டிராத இளைஞர்கள் அங்கே போய் மீன் வெட்டினார்கள். பின்னர் பலர் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார்கள். சிலர் அங்கேயே வேர்விட்டார்கள். நான் திருமணமாகி 2010 இல் நோர்வே வந்து, மொழி படித்து, பரீட்சைகள் எழுதி, 2014 இல் அந்த ஊரின் வைத்தியர்களில் ஒருத்தியானேன்.

முதலில் வேடிக்கைகளைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் வீட்டை விட்டு வெளிக்கிடுவதே ஒரு பயணம். உள்ளே கம்பளி, அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றுப் புகாத உடுப்பு. பருத்தித் துணி உடலோடு ஒட்டக்கூடாது. வியர்வையைப் பிடித்து வைத்து உடம்பைக் குளிரப்பண்ணிவிடும். ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் கையுறைதான் சூடு. இவ்வளவையும் பிள்ளைக்குப் போட்டு முடிக்கும்போது, "அம்மா, ஒண்டுக்கு" என்று ஒரு குரல் வரும். இந்தத் துன்பம் உலகத் தாய்மாருக்குப் பொது என்று நினைக்கிறேன்.

சப்பாத்துக்குக் கீழே முள் பூட்டித்தான் நடக்கவேண்டும். பூட்டாமல் போகிறவர்கள் என்னிடம் மணிக்கட்டு உடைந்து வருவார்கள். எண்பது வயதுப் பாட்டிமார் கடைக்குப் போவதற்கு 'ஸ்பார்க்' என்றொரு வண்டி வைத்திருக்கிறார்கள். ஒரு கதிரைக்கு அடியில் இரண்டு நீண்ட இரும்புச் சறுக்குகள். ஒரு காலைப் பின்பலகையில் வைத்து, மறுகாலால் நிலத்தை உந்தி, கதிரையில் மரக்கறிப் பையை வைத்துக்கொண்டு பறந்து போவார்கள். நான் அதை ஓடப் பழகியபோது ஊரே யன்னலில் நின்றது.

காருக்கும் மின்சாரம் கொடுக்கவேண்டும். இரவில் எஞ்சினைச் சூடாக்கும் வயரைச் சுவரில் செருகிவிட்டுப் படுப்போம். கடலோரமான எங்கள் ஊரில் குளிர் அவ்வளவு கடுமையல்ல. வெப்ப நீரோட்டத்தால் கடல் உறைவதில்லை, காற்றுத்தான் கொல்லும். உள்நாட்டில் கரஷோக் என்ற இடத்தில் 1886 ஜனவரி முதலாம் திகதி மறை 51.4 பாகை பதிவானது. நோர்வேயின் சாதனை இன்றுவரை அதுதான். பொருளாதாரத் தடைக் காலத்தில் அப்பா மருந்துப் போத்தலில் இருந்து நாலு துளி பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை உதைத்து எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வண்டியைத் தாலாட்டி எழுப்புவது எனக்குப் புதிதல்ல.

வடக்கில் ஒக்டோபர் 16 தொடக்கம் ஏப்ரல் 30 வரை ஆணி பதித்த ரயர் போட அனுமதி உண்டு. ஒளிரும் மேலங்கி ஒன்று சாரதிக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும், அது சட்டம். சவல், இழுக்கும் கயிறு, கம்பளம், பிளாஸ்கில் தேத்தண்ணி என்பவை சட்டமல்ல, ஆனால் அவை இல்லாமல் யாரும் மலை ஏறுவதில்லை. நான் கூடவே ஒரு டப்பா மிக்சரும் வைத்திருப்பேன். வீதியின் நடுவே மான்கள் நிற்கும். ஹோர்ன் அடித்தால் ஒதுங்காது, காருக்கு முன்னே ஊர்வலம் போகும். எங்கள் ஊர் மாடுகளுக்கும் அவற்றுக்கும் ஏதோ உறவு இருக்கவேண்டும்.

விமானம் என்றால் சிறிய விமானம். மினிபஸ் மாதிரி ஒவ்வொரு ஊராக இறங்கி ஏறும். காற்றுப் பலமென்றால் உங்கள் ஊரில் இறங்காமல் அடுத்த ஊரில் இறக்கிவிடும். பேர்கன் தொடக்கம் கிர்கனெஸ் வரை கரையோரமாகப் போகும் கப்பலும் உண்டு. 1893 இல் தொடங்கிய சேவை, இன்றும் எங்களைக் கைவிடவில்லை.

பொங்கல் கதையையும் சொல்லவேண்டும். நவம்பர் கடைசிப் பகுதியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதி கழிந்துதான் எட்டிப் பார்க்கும். தைப்பொங்கல் அதற்கு முன்பே வந்துவிடும். சூரியனுக்குப் பொங்கவேண்டும், சூரியன் இல்லை. பட்டுச்சேலைக்கு மேலே பனி உடுப்புப் போட்டு, வடையைப் போர்வைக்குள் சுற்றி, மலை கடந்து அடுத்த ஊர்த் தமிழர் வீட்டுக்குப் போவோம். மதியம் பன்னிரண்டு மணிக்குத் தெற்கு வானம் சற்றுச் சிவக்கும். அந்தத் திசை யன்னலைப் பார்த்துப் படைப்போம். சில நாள் கழித்துச் சூரியன் வரும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இனிப்புப் பணிஸ் கொடுப்பார்கள். அது அவர்களுடைய பொங்கல் என்று நான் என் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

இனி, வேடிக்கை அல்லாத பகுதி.

முதல் மாரியில் நான் ஒரு பிழை செய்தேன். அடுத்த ஊரில் ஒரு கூட்டம். வீதியின் நிலையை 175 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யுத்தத்துக்குள் படித்து வந்தவள், எனக்கென்ன பனி என்ற ஒரு திமிர். மலைமேட்டில் காற்று எழும்பியது. நிலத்தில் கிடந்த பனியெல்லாம் எழுந்து, வானம் எது வீதி எது என்று தெரியாத ஒரே வெள்ளை. ஓரத்தில் நட்டிருக்கும் வழிகாட்டிக் கம்புகளும் மறைந்தன. காரை நிறுத்தினேன். பிறகு, செய்யவே கூடாததைச் செய்தேன். வீதி எங்கே என்று பார்க்க இறங்கினேன். நாலடி நடந்து திரும்பினேன், கார் இல்லை.

கையை நீட்டி, குனிந்து, தவழ்ந்து, காரைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. ஐந்து நிமிடமாக இருக்கலாம். உள்ளே ஏறியபோது கை கதவைப் பிடித்ததை உணரவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்து பனி வழிக்கும் வாகனம் வந்தது. சாரதி ஒரு வயதானவர். ஏசவில்லை. யன்னலைத் தட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நீங்கள் வருவதாக யாரிடம் சொல்லியிருந்தீர்கள்?"

யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது குளிரால் அல்ல. இங்கே, வீட்டுப் படலையைத் தாண்டும்போது "போயிட்டு வாறன்" என்று சொல்லாமல் ஒருநாளும் போனதில்லை. "போய்ச் சேர்ந்தவுடன அறிவி" என்று அம்மா சொல்லாமல் விட்டதும் இல்லை. அது வெறும் வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

புயல் நாட்களில் அந்த வீதியைக் கடக்க ஒரு முறை இருக்கிறது. 'கொலோன' என்பார்கள். வீதியின் தடைக்கம்பத்தடியில் வாகனங்கள் வந்து சேரும். குறித்த நேரத்தில் பனி வழிக்கும் வாகனம் மஞ்சள் விளக்குச் சுழல முன்னே போகும். மற்றவை வரிசையாகப் பின்னே போகும். எரிபொருளும் குளிர் உடுப்பும் போதாதவரை ஏற்கமாட்டார்கள். விளக்குகள் எரியவேண்டும். முந்தக்கூடாது, திரும்பக்கூடாது. நின்றால் வாகனத்தை விட்டு இறங்கக்கூடாது. முன்னால் போகிறவரைத் தவறவிடாமல் போகவேண்டும் என்பது எவருக்கும் விளங்கும். எனக்குப் புதிதாக இருந்தது மற்றது: பின்னால் வருகிறவரின் வெளிச்சம் கண்ணாடியில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓடவேண்டும். எனக்குப் பின்னால் ஒருவர் நின்றுவிட்டால், அதை முதலில் அறியக்கூடிய ஆள் நான்தான்.

இதை நான் சரியாக விளங்கிக்கொண்டது ஓர் இரவில். சம்பந்தப்பட்டவர் தாராளமாகச் சொல்லலாம் என்று அனுமதி தந்திருக்கிறார். அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

எங்கள் ஊரில் தங்கிவிட்ட அந்த முதல் தலைமுறை அண்ணன்மாரில் ஒருவர். எனக்கு ஐயா முறை. ஒரு பெப்ரவரி இரவு வாசலில் பனி அள்ளிவிட்டு மார்பு நோவோடு வந்தார். ஈ.சி.ஜி.யில் பெரிய மாரடைப்பு. வைத்தியசாலைக்கு அதை அனுப்பி, அங்கிருந்த நிபுணரோடு பேசி, இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டேன். எங்களைப் போன்ற தூர ஊர்களில் அதை வைத்தியசாலை சேரும்வரை தள்ளிப்போட முடியாது. ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். அடுத்து அவரைத் துரொம்சோ பல்கலைக்கழக வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். ஆனால் காற்றால் எங்கள் ஊரில் விமானம் இறங்க முடியாது. மலை வீதி மூடியிருந்தது. மறுபக்கம் போனால்தான் விமானம்.

விடுமுறையில் இருந்த சக வைத்தியரை எழுப்பிக் கடமையை ஒப்படைத்துவிட்டு அம்புலன்சில் ஏறினேன். பனி வழிக்கும் சாரதி இரவு இரண்டு மணிக்குப் படுக்கையில் இருந்து எழுந்து வந்திருந்தார். தடைக்கம்பத்தடியில் மீன் ஏற்றிய ஒரு லொறி பாதை திறக்கக் காத்துக் கிடந்தது. அதுவும் எங்கள் பின்னால் வந்தது.

பாதி மலையில் பெரிய பனிக்குவியல். பனி வழிக்கும் வாகனம் முன்னே போய் இடித்து இடித்து உடைக்கவேண்டியிருந்தது. பத்து மீற்றர் போனதும் அதன் விளக்கு மறைந்துவிட்டது. நாங்கள் நின்றோம். அம்புலன்ஸ் காற்றில் ஆடியது. இதயத்துடிப்பின் கோடு திரையில் ஓடியது. ஐயாவின் கை என் கைக்குள் இருந்தது. பயத்தை மறைக்க அவர் கேட்டார், எங்கள் ஆட்கள் சாகும் தறுவாயிலும் கேட்கக்கூடிய கேள்வி:

"பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம்?"

நான் நமது கல்லூரியின் பெயரைச் சொன்னேன். அவர் கண்ணைத் திறந்தார். "என்ர தங்கச்சியும் அங்கதான் படிச்சவள். நான்தான் சைக்கிள்ல ஏத்திக்கொண்டு போய் விடுறனான். மழைக்கு வாசல்ல வெள்ளம் நிக்கும்." வாசலில் வெள்ளம் நிற்பது நான் படித்த காலத்திலும் அப்படித்தான் என்றேன். ஏறத்தாழ நாற்பது நிமிடம் நாங்கள் அந்த வாசலிலேயே நின்றோம். எந்த ஆசிரியர், எந்த மரம், எந்தக் கடையில் இனிப்பு. வெளியே ஒன்றுமே தெரியவில்லை, பின்யன்னலில் லொறியின் வெளிச்சத்தைத் தவிர. அதன் கூரையில் இருந்த விளக்குகளையெல்லாம் அந்தச் சாரதி எங்கள்மேல் ஏற்றி வைத்திருந்தார். பின்னர்தான் அறிந்தேன், பனி வழிக்கும் சாரதி எங்களை இடிக்காமல் பின்னோக்கி வர அடையாளம் கண்டது அந்த வெளிச்சத்தை வைத்துத்தான். எங்களை மீட்டவர் முன்னால் போனவர் மட்டுமல்ல.

ஐயா தப்பினார். சவல் பிடிக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். களவாகப் பிடிக்கிறார் என்று மாமி தொலைபேசியில் முறைப்பாடு சொல்கிறார். ஒரு மாதம் கழித்துக் கனடாவில் இருந்து ஓர் அழைப்பு. "நான் எழுபத்தொன்பதாம் ஆண்டு ஏ.எல். எடுத்த பிள்ளை. அண்ணாவோட இருந்ததுக்கு நன்றி, தங்கச்சி" என்றார் ஓர் அக்கா. எழுபத்தொன்பதில் ஏ.எல். எடுத்த அக்கா இன்னமும் தன்னைப் 'பிள்ளை' என்றுதான் சொல்கிறார். நாமெல்லோரும் அப்படித்தானே.

அன்று திரும்பி வரும் வழியில் எனக்கு வேறொரு வரிசை நினைவுக்கு வந்தது. 1994. எனக்குப் பதினான்கு வயது. தரைப்பாதைகள் மூடியிருந்த காலம். அம்மாவோடு கொழும்புக்குப் போகக் கிளாலியில் படகு ஏறினேன். இந்த மண்டபத்தில் அந்தக் கடலைக் கடந்தவர்கள் பலர் இருப்பீர்கள். அதில் உறவுகளை இழந்தவர்களும் இருப்பீர்கள். இயந்திரம் பூட்டிய படகு முன்னே போகும். மற்றப் படகுகள் கயிற்றில் கட்டுண்டு பின்னே போகும். பின்மார்க்கில் உயிர் தப்ப எல்லா விளக்கையும் போடவேண்டும். கிளாலியில் உயிர் தப்ப எல்லா விளக்கையும் அணைக்கவேண்டும். வேறுபாடு அது ஒன்றுதான்.

எங்கள் படகின் பின்பக்கத்தில் அம்மா இருந்தார். படகுக்காரர் அவரிடம் சொன்னார்: "அம்மா, அந்தக் கயித்தில ஒரு கையை வைச்சிருங்கோ. இறுக்கமா இருந்தாப் பயமில்லை. தளர்ந்தால் உடன சொல்லுங்கோ, பின்னால வாற வள்ளம் கழண்டிட்டுது எண்டு அர்த்தம்." அக்கரை சேரும்வரை அம்மா அந்தக் கயிற்றில் இருந்து கையை எடுக்கவில்லை. பின் படகில் இருந்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. இருட்டில் முகமும் பார்க்கவில்லை. விடிந்தபோது அம்மாவின் உள்ளங்கையில் கயிற்றின் தழும்பு இருந்தது.

அக்காமாரே, தங்கைமாரே, நூறு ஆண்டு என்பது நீண்ட வரிசை. முன்னால் போனவர்களைப் பற்றி இந்த மலரில் நிறைய எழுதியிருப்பார்கள், எழுதவேண்டும். நான் கேட்பது மற்றப் பக்கத்தை. நோர்வேக்கு வந்த முதலிரு ஆண்டுகள் மொழி வராமல், வைத்தியர் என்ற பெயரும் இல்லாமல், நான் ஒஸ்லோவில் ஒரு சிறிய அறையில் இருந்தேன். நமது கல்லூரியின் ஓர் அக்கா, எனக்கு ஒன்பது வயது மூத்தவர், ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அழைத்து, நோர்வே மொழியில் மட்டும் இருபது நிமிடம் பேசுவார். தமிழில் அழுதாலும் நோர்வே மொழியில்தான் பதில் வரும். அவர் எனக்குப் பணம் தரவில்லை, வேலை தேடித் தரவில்லை. கண்ணாடியில் என் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் நான் இன்று வைத்தியர் இல்லை.

இன்று இந்த மண்டபத்தை விட்டுப் போகும்போது, உங்களுக்குப் பின்னால் படித்த ஒருத்தியின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு போங்கள். புதிய நாட்டுக்குப் போனவளாக இருக்கலாம். ஊரிலேயே கணவனை இழந்து தனித்து நிற்பவளாக இருக்கலாம். பல்கலைக்கழகம் கிடைக்காமல் வீட்டுக்குள் இருப்பவளாக இருக்கலாம். மாதத்தில் ஒருமுறை கூப்பிடுங்கள். கயிறு தளர்ந்தால், முதலில் அறிய வேண்டியவர் நீங்கள்.

நாளை மறுநாள் நான் திரும்புகிறேன். அங்கே இப்போது பனி தொடங்கிவிட்டது. கடைசி 100 கிலோமீற்றரும் மலைப்பாதை. வெளிக்கிடும்போது ஐயாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டுத்தான் வெளிக்கிடுவேன். போய்ச் சேர்ந்ததும் செயலாளர் அக்காவுக்கு அறிவிப்பேன்.

போயிட்டு வாறன்.